குளம் சிவந்த வருஷம்

இந்தக் கோடையிலும் கோயில் குளத்திலிருந்து அந்த வாடை வருகிறது. வெயிலில் சுண்டிப்போன உப்புத் தண்ணீரின் வாடை. நேற்று கடைக்கு வரும் வழியில் எட்டிப் பார்த்தேன், ஓரமெல்லாம் சிவந்து கிடக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருத்தி, "தண்ணி முத்திடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட்டாள். உப்பு இறங்கும் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை ஊர் சொல்வதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு என்று கேட்காதே. செத்த பிறகு ஒன்றும் கிடையாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவள் நீ. நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஆகவே உனக்கு எழுத எனக்கு உரிமை உண்டு.

நம் சிநேகிதமே பொருந்தாத ஒன்று. நீ அரசு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ஊர்க்காரர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் விரதம் என்றால், வேண்டுமென்றே வடை வாங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்து தின்பாய். ஆனால் என் கடையில் மாட்டியிருந்த அம்மன் படத்தை நீ ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. "உன் சாமி உன்கூட இருக்கட்டும்டி. அரசாங்க ஆபீசுல வந்து உக்கார வேணாம், அவ்ளோதான் நான் கேக்கறது" என்பாய்.

அந்த வருஷம் மழையில் கடலோரத்துக் கழிவெளி ஏரி நிரம்பி, கடல் தண்ணீர் குளத்துக்குள் ஏறிவிட்டது. கோடை வந்ததும் குளம் வற்றி, ரத்தமாய்ச் சிவந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் பாதிப் பேர் தினமும் உப்பளத்தில் நிற்பவர்கள். பாத்தியில் தண்ணீர் சிவந்தால் அவர்களுக்குச் சந்தோஷம், உப்பு இறங்கப் போகிறது என்று அர்த்தம். அதே ஆட்கள் அதே நிறத்தைக் கோயில் குளத்தில் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாத்தியில் சிவந்தால் விளைச்சல், குளத்தில் சிவந்தால் தெய்வ குத்தம்.

குத்தம் என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே. குளத்தங்கரையில் டீக்கடை வைத்திருந்த நூர்ஜகான் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே வாழ வந்து, புருஷனை இழந்து, அந்த ஓர் அடுப்பை நம்பி இருந்தவள். முட்டை போண்டா போட்ட சட்டியை அவள் குளத்தில் கழுவுவதுதான் அம்மனின் கோபத்துக்குக் காரணம் என்று பூசாரி ஏழுமலை சொன்னார். ஆடிக் கூழுக்கு முன்னால் கடையை எடுத்துவிட வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது.

நீ கோயில் கூட்டத்துக்கு இரண்டு பாட்டிலோடு வந்தாய். ஒன்றில் குளத்துத் தண்ணீர், இன்னொன்றில் பாத்தித் தண்ணீர். "எது அம்மனுது, எது அளத்துது? யாராவது சொல்லுங்க." வாங்கிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், ஒருவராலும் சொல்ல முடியவில்லை. உப்புத் தண்ணீர் சுண்டினால் அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும், இது அவற்றின் நிறம் என்று விளக்கினாய். பூசாரியும் லேசுப்பட்டவர் இல்லை.

"அளத்துல செவந்தா உப்பு வெளையும். கொளத்துல செவந்தா இன்னா வெளையும்? நீங்களே சொல்லுங்கம்மா."

"அதுலயும் உப்புதான் வெளையும். தட்டுல ஊத்தி வெயில்ல வைங்க. நீங்களே காவலுக்கு உக்காருங்க."

உட்கார்ந்தார். கோயில் தாம்பாளத்தில் உப்பு பூத்தது. மனுஷர் அசரவில்லை. அதைக் குங்குமத்தோடு பொட்டலம் கட்டி, "அம்மன் குடுத்த உப்பு" என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். நானும் ஒன்று வாங்கி வந்தேன். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "போவட்டும்டி. கோவம்னு சொன்ன வாயாலயே வரம்னு சொல்லிட்டாரு. நூர்ஜகானுக்கு அது போதும்."

போதவில்லை. ஒருநாள் காலையில் விழாக் குழுவின் இளவட்டங்கள் சிலர் அவள் கடையைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டார்கள். யார் யார் என்று பேர் போட்டு நீ போலீசில் புகார் கொடுத்தாய். அவர்களுக்கு ஆள்பலம் இருந்தது. அவர்களை விட்டுவிட்டு, கேட்க ஆளில்லாத பூசாரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. என்ன வழக்கு என்று அவர் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. மறுநாளும் விடவில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவும் இல்லை. எனக்குப் பரம திருப்தி.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் நீ என் கடைக்கு வந்து, "ஒரு மனு அடி" என்றாய்.

"யாருக்கு?"

"பூசாரிக்கு."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கடை முள்ளுக்குள் அடைபட்டுக் கிடந்ததால் நூர்ஜகானும் அப்போது என்னோடுதான் உட்கார்ந்திருந்தாள். "அவரு பேச்சால என் அடுப்பு அணைஞ்சு கெடக்குது. அவருக்கா மனு எழுதறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் உன்மேல் கோபம்தான்.

நீ குரலை உயர்த்தவில்லை. "அவரு பேசுனது தப்பு. அதுக்குக் கேஸ் போடட்டும், கோர்ட்டுல நிறுத்தட்டும், நானே சாட்சி சொல்றேன். ஒண்ணும் சொல்லாம உள்ள வச்சிருக்கறது வேற. இன்னைக்கு நமக்கு இனிக்கும். நாளைக்கு அதே பெஞ்சுல உன்ன உக்கார வைப்பாங்க நூர்ஜகான். அப்ப கேக்கறதுக்கு இந்த ஊருல யாருக்கும் பழக்கம் இருக்காது."

நான் அடித்துக் கொடுத்தேன். நூர்ஜகான், "நான் வர மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுல டீ வேணா போட்டுக் குடுத்து விடறேன்" என்றாள்.

ஸ்டேஷனில் அதிகாரி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானேம்மா கம்ப்ளெய்ன்ட் குடுத்தீங்க?"

"ஆமா சார். கம்ப்ளெய்ன்ட்தான் குடுத்தேன், ஆளக் குடுக்கல. முள்ளு போட்டவங்க பேரு அதுலயே இருக்குது, படிச்சுப் பாருங்க."

பேசிக்கொண்டே இருந்தாய். பூசாரி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டு நாளில் பத்து வயது கூடிவிட்டது போல. நான் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். யார் போட்ட டீ என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குடித்தார். "சக்கர கம்மி" என்றார். சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

கதையில் வருவது போல யாரும் திருந்தவில்லை. பூசாரி நூர்ஜகானிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. முள்ளைக்கூட, மேலிடத்துக்கு நீ போட்ட இரண்டாவது மனுவுக்குப் பயந்து போலீஸ்தான் எடுக்க வைத்தது. ஆடிக் கூழ் ஊற்றிய அன்று கடை திறந்திருந்தது, கூழ் குடித்தவர்களே டீயும் குடித்தார்கள். "ஒருத்தன் மனசும் மாறல பாத்தியா" என்று நான் சொன்னபோது, "மனச மாத்தறது என் வேல இல்லடி. கட இருக்கணும்" என்றாய். இப்போதும் இருக்கிறது. நூர்ஜகான் போண்டாவின் விலையைத்தான் ஏற்றிவிட்டாள்.

போன தையில் நீ போனாய். கொள்ளியும் இல்லை, சடங்கும் இல்லை, உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தாய். அன்று சாயங்காலம் என் வீட்டில் விளக்கு ஏற்றினேன். உனக்காக இல்லை, எனக்காக. உன்னை நினைக்காத நாள் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஆதாரம் கேட்பாய்.

நீ போன வாரமே குப்பத்துப் பையன் ஒருவன், கல்யாணம் ஆகிக் குழந்தை உள்ளவன், செல்போனில் உன்னைப் பற்றி எழுதினான். கொள்ளி வைக்க நாதியற்ற பிணம் என்றான். அதற்கு மேலும் எழுதியிருந்தான், அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஊரெல்லாம் சுற்றி என் போனுக்கும் வந்தது. அன்றைக்கு நான் அழுதேன்.

இந்த வாரம் அவன் யாரோ ஒரு பெரிய மனிதரைத் திட்டி ஏதோ போட்டுவிட்டான். போலீஸ் அழைத்துக்கொண்டு போய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முந்தாநாள் அவன் அம்மா என் கடை வாசலில் வந்து நின்றாள். அவன் எழுதியது என் சிநேகிதியைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது. "எம்புள்ள ஒரு தப்பும் பண்ணாதவன்னு எழுதும்மா" என்றாள்.

அதை நான் அடிக்கவில்லை. எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், ஏன் இன்னும் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகவில்லை என்று மட்டும் அடித்தேன். நடுவில் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவளுக்கு ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு அவளோடு நடந்தேன், வழி நெடுக உன்னைத் திட்டிக்கொண்டே.