வாட்ச் அனுப்ப வேண்டாம், பட்டை வாங்கிவிட்டோம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதல் விசாரிப்பு. கையெழுத்து யாருடையது என்று திகைக்காதே, என்னுடையதுதான். இத்தனை காலம் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதினாள், அவள் எழுதியதெல்லாம் நான் சொன்னதுதானா என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். இப்போது மாலை வகுப்புக்குப் போகிறேன். டீச்சர் உன்னைவிடச் சின்னவள், “எழுத்து கோணினாலும் பரவாயில்ல ஐயா, பாதியில நிறுத்தாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள், அதனால் நான் நிறுத்தப்போவதில்லை, நீயும் நிறுத்தாமல் படி. மெதுவாகத்தான் வருகிறது, ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆறின டீயும் இனிக்கத்தான் செய்கிறது.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பாதிப் பேச்சில் பிடுங்கிக்கொண்டு “ஒண்ணுமில்லடி, எல்லாம் நல்லாயிருக்கு” என்று முடித்துவிடுகிறாள். எல்லாம் நல்லாயிருக்கவில்லை, இப்போதுதான் நல்லாகிக்கொண்டு வருகிறது, அதை முறையாகச் சொல்கிறேன். அவள் முழங்காலை மாற்றி வைக்க வேண்டும், ஆனால் உடம்பு எடை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று எலும்பு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளை வாங்கி, நம் சலவைக் கடையில் துணி காயவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டோம். நடக்கத்தான் அவளால் முடியவில்லை, மிதிக்க முடிகிறது. உனக்குத் தெரியாதது என்னவென்றால், முந்தி ஒரு தடவை டாக்டரிடம் போனபோது எடை இறங்கவில்லை, ஏறியிருந்தது. டாக்டர் தேதி கொடுக்காமல் சீட்டை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். உன் அம்மா வீட்டுக்கு வந்து படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று அழுதாள். “கால் போனா போகட்டுங்க, இனிமே என்னை மிதிக்கச் சொல்லாதீங்க” என்றாள். அவள் சும்மா இருந்திருந்தால் நானே திட்டியிருப்பேன், ஆனால் அவள் ஒரு நாள்கூட விடாமல் மிதித்தவள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று கேட்டால் மூலகாரணம் ஹாரன்தான். எதிர்வீட்டு டாக்ஸிக்காரரைத்தான் சொல்கிறேன், மெதுவாகப் பேசவே தெரியாததால் நாம் ஹாரன் என்று கூப்பிடுகிற ஆள், அவர் ஒரு புது வாட்ச் வாங்கிக்கொண்டு பழையதை “அக்கா, இது உங்க உடம்பு எவ்வளவு கலோரி எரிக்குதுன்னு அதுவே சொல்லும்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி அம்மா கையில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுதான் வேதம். சாயங்காலம் பார்ப்பாள், பெரிய எண்ணாக இருக்கும், உடனே “இவ்வளவு எரிச்சிருக்கேன், ஒரு பன்னு தின்னா என்ன ஆயிடும்” என்பாள். எண்ணைப் பார்த்து மலைத்துப்போய் அந்தப் பன்னுக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தவன் நான். எரித்ததைவிட அதிகமாக அடுப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தோம், அடுப்பு மட்டும் பிரமாதமாக எரிகிறது என்று இருவருக்கும் ஒரே பெருமை.

டாக்டர் திருப்பி அனுப்பின அதே வாரம் ஹோட்டலிலிருந்து திரைச்சீலைகள் மொத்தமாக வந்தன. அம்மா வழக்கம்போல உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடியே மதியம் பூராவும் இஸ்திரி போட்டாள். நான் மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கையில் வாட்ச் நடுங்கியது, எடுத்துப் பார்த்தால் இன்றைய இலக்கை முடித்துவிட்டீர்கள், பாராட்டுகள் என்று இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், சரியாகத்தான் படித்தேன். அவள் அன்றைக்குச் சைக்கிள் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு அவளை மிதிக்கச் சொல்லிவிட்டு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், கைப்பிடியில் கை அசையாமல் இருக்கிறது, அதுவும் அசையாமல் தூங்குகிறது. கை ஆடினால் பாராட்டும், கால் ஓடினால் கண்டுகொள்ளாது, இப்படி ஒரு மேஸ்திரி இருந்தால் எந்தக் கட்டடம் எழும்பும் சொல்.

நீ உன்னுடையது மாதிரியே வண்ணத் திரை வைத்த வாட்ச் அனுப்புகிறேன் என்றாய். நல்ல வாட்ச்தான், கிரேன் மேலே உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு அது பொருந்தும். உன் அம்மா மணிக்கட்டு இஸ்திரிப் பெட்டியோடு சண்டை போடுகிற மணிக்கட்டு. அதனால் நாங்களே உடற்பயிற்சிக் கருவியும் விற்கிற விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். நான் ஒரு பையில் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன், சூடு இல்லாமல்தான். கடைக்காரப் பெண் அதைப் பார்த்து “ஐயா, ரிப்பேர் கடை அடுத்த தெருவுல” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு மேஜையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தாள், தங்கமான பெண். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே அங்கே ஒரு துண்டை விரித்து இஸ்திரி போட்டாள், பிறகு கடைச் சைக்கிளில் ஏறி மிதித்தாள், ஒவ்வொரு கருவிக்கும் இதே கூத்து. பந்து வாங்க வந்தவர்களெல்லாம் பந்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கடைக்காரப் பெண் மோதிரம் மாதிரி ஒன்று காட்டினாள், அழகாக இருந்தது, ஆனால் இஸ்திரி ஆவி பட்டால் அம்மா விரல் வீங்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மார்பில் கட்டுகிற பட்டை இதயத் துடிப்பை நேராகக் கேட்கிறது, கணக்கு அதில்தான் சுத்தம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள், அம்மா அதைக் கட்டிப் பார்த்துவிட்டு “மூட்டை கட்டின மாதிரி இருக்கு, இதோட மூச்சு விடறதே ஒரு வேலை” என்று கழற்றிவிட்டாள். கட்டாத பட்டை எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன். கடைசியில் மேல்கையில், முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே மாட்டுகிற பட்டை. இஸ்திரி போட்டபோது அது கொஞ்சமாகத்தான் ஏறியது, மிதித்தபோது துடிப்போடு சேர்ந்து ஏறியது. கையாட்டத்துக்கு மயங்காதது அதுதான், அதையே எடுத்தேன்.

பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பெண் அம்மாவின் போனில் பழைய வாட்ச் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு “அம்மா, இந்த வயசும் எடையும் யாரோடது” என்று கேட்டாள். பார்த்தால் ஹாரனுடையது! அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று உனக்குத் தெரியும், அவர் டாக்ஸியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். பெரிய உடம்பு என்றால் அதே வேலைக்கு அதிகம் எரியுமாம், அந்தக் கணக்கில் வாட்ச் அள்ளி விட்டிருக்கிறது. உழைத்தது உன் அம்மா, எரிந்தது ஹாரன். சரி, இப்போது அம்மாவின் வயதையும் எடையையும் சரியாகப் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண். கல்யாணமான நாளிலிருந்து அம்மா என்னிடமே சொல்லாத எண், கடை நடுவில் சொல்வாளா. போனை என் கையில் திணித்து “உங்களுக்குத்தான் இப்ப எழுதத் தெரியுமே, நீங்களே போடுங்க” என்று எண்ணை என் காதில் மட்டும் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். என்ன எண் என்று இங்கேயும் எழுதமாட்டேன், நீ மகளாக இருந்தாலும் சரி. என் வாழ்நாளில் நான் எழுதியதில் இத்தனை மரியாதையான எழுத்து வேறு இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு புத்தி சொன்னாள். “எந்தக் கருவி காட்டுறதும் உத்தேசக் கணக்குதாம்மா. நேத்துக்கு இன்னைக்கு எப்படின்னு பாருங்க, எரிஞ்சதைத் தின்னு ஈடுகட்டாதீங்க” என்றாள். இதை நீயும் கேட்டுக்கொள், ராத்திரி வேலை முடிந்ததும் கையில் கிடைத்ததைக் கொறிக்கிற பழக்கம் உனக்கு உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். முதல் நாள் பட்டை காட்டியது சின்ன எண். அம்மாவுக்கு ஆத்திரம், “இத்தனை மிதிச்சும் இவ்வளவுதானா, கஞ்சப் பிசினாறி” என்று கழற்றி சோப்புத்தூள் டப்பா மேல் வீசினாள். நான் அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். மறுநாள் காலையில் அவளாகவே மாட்டிக்கொண்டு “இது சொன்னா சரியாத்தான் சொல்லும், பாப்போம்” என்று ஏறி உட்கார்ந்தாள். பன்னு நின்றது, வெண்ணெய் எனக்கும் நின்றது, சொல்லாமல் விடுவானேன், என் கால்சட்டையும் தளர்ந்துவிட்டது. போன வாரம் டாக்டரிடம் போனோம். எடை இறங்கியிருக்கிறது, நன்றாகவே இறங்கியிருக்கிறது. சிரிக்கவே தெரியாத அந்த மனிதர் சிரித்துவிட்டு, “இதே மாதிரி வாங்கம்மா, அடுத்த தடவை தேதி குறிச்சிடலாம்” என்றார். உன் அம்மா வெளியே வந்ததும் “அவர் தேதி கொடுக்கலேன்னாலும் வாங்காம விடமாட்டேன்” என்கிறாள். எனக்கும் சந்தேகம் இல்லை, வாங்கிவிடுவாள்.

ஆகவே வாட்ச் அனுப்பாதே, அனுப்பியிருந்தால் மாப்பிள்ளைக்குக் கொடு, அவர் எடையைப் போட்டுக் கொடு. போனில் பேசும்போது எடை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்காதே, இன்றைக்கு மிதித்தாயா என்று மட்டும் கேள். இருவரும் நோய்நொடி இல்லாமல், கைகால் சுகத்தோடு, நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் அவளைக் கேட்காமலே சேர்த்து எழுதுகிறேன். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், உன் மேலதிகாரியிடம் விடுப்புக்கு இப்போதே சொல்லி வை. ஆபரேஷன் முடிந்து அம்மாவை முதலில் எழுப்பி நடக்க வைக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டுமாம். வலது பக்கம் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும்
உன் அப்பா