சுவரைப் பார்த்துப் பாடியவள்

நாரின்,
2 செப்டம்பர் 2018

என் உயிரான தங்கச்சி பெகிமாய்க்கு,

அக்கா ஜிபார் எழுதுவது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேனே, வந்ததா? இல்லை, காவலாளி அம்மாவின் காலுக்குப் போய்விட்டதா?

ஐசிரெக் என்னோடுதான் இருக்கிறாள். மூத்த பேரப்பிள்ளை தாத்தா வீட்டில்தான் வளர வேண்டும், அதுதான் வழக்கம் என்று, பால் மறந்ததுமே அப்பா தூக்கிக்கொண்டு போனாரல்லவா? பெற்ற என்னை இன்னும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும். அவள் முதுகில் அப்பாவின் சாட்டைத் தழும்பு மங்கிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை மேல் ஓங்கிய கையை நீ ஒருத்திதானடி நிறுத்தினாய். ஊர் உன்னை அப்பனைக் கொன்றவள் என்கிறது. உன்னை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மேல்முறையீடு நவம்பரில் வருகிறது. “சின்ன வயசுல இருந்து அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு வீட்டு ஆள் ஒருத்தர் வந்து சொல்லணும். இல்லேன்னா பன்னெண்டு வருஷம் அப்படியேதான்” என்கிறார் நம் வக்கீல். போன தடவை அரசு வக்கீல் கேட்டது ஞாபகமிருக்கிறதா? “செத்தன்னிக்கு மூத்த மக ‘தங்கமான அப்பா’ன்னு ஒப்பாரி வெச்சா. கொடுமைக்கார அப்பனுக்கு எவளாவது அப்படிப் பாடுவாளா?” செத்தவரைப் புகழாமல் நம் ஊரில் எவள் ஒப்பாரி வைத்திருக்கிறாள்?

அடுத்த மாதம் அப்பா செத்து ஒரு வருஷம்; வருஷ விருந்தில் மூத்த மகள் நான்தான் ஒப்பாரி பாட வேண்டும். சர்ஷென் சித்தப்பா வந்து மிரட்டிவிட்டுப் போனார். “மலை மாதிரி மனுஷன்னு பாடு. கோர்ட்டுப் பக்கம் காலெடுத்து வெச்சே, உன் மாமியா வீட்டுல இருக்க முடியாது, பாத்துக்க.”

நான் என்ன செய்யட்டும், சொல்.

உன் அக்கா,
ஜிபார்

---

பெண்கள் சிறை,
15 செப்டம்பர் 2018

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. ஒரு ஜோடியைக் காவலாளி அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். அவளும் குளிரில்தானே நிற்கிறாள். இங்கே போலீஸ் சட்டை தைக்கிறேன். என் தையலைப் பார்த்துவிட்டு மேற்பார்வைக்காரி, “ரெண்டு கையும் ஒரே நீளமா இருக்கிற போலீஸ்காரனுக்கு இது ஆகாதுடி” என்கிறாள்.

என்னைப் புகழாதே அக்கா. வேட்டைத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டேன். செத்தது நம் அப்பா. அதை நினைக்காத நாள் இல்லை. குழந்தை மேல் சாட்டை விழுந்ததைப் பார்த்ததும் அங்கே கிடப்பது நான்தான் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான்.

சித்தப்பா சொன்னபடியே பாடிவிடு. பிள்ளையோடு தெருவில் நிற்பாயா? கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். கோர்ட்டில் நீ என்னத்தைச் சொல்வாய்? உன்னை அவர் அடித்ததே இல்லையே. அம்மா போன பிறகு அவர் குடித்துவிட்டு வந்தால், நீ குதிரைக்குப் புல் போட லாயத்துக்குப் போய்விடுவாய். வீட்டில் மாட்டிக்கொள்வது நான். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா. கொஞ்சம் பொறாமை இருந்தது, அவ்வளவே.

பெகிமாய்

---

நாரின்,
21 அக்டோபர் 2018

என் பெகிமாய்,

விருந்து முடிந்தது. பெண்கள் நாங்கள் வழக்கப்படி கூடாரத்துக்குள் அதன் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். குதிரைகளில் ஆட்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. நான் பாட வேண்டும். ‘மலை’ என்று வாய் திறந்தேன். அதற்கு மேல் வரவில்லையடி. வந்தது வேறு.

‘பிள்ளைகளை அடிச்ச கை, அப்பா, மண்ணுக்குள்ள இருக்குதே,
பெத்த பிள்ளை ஒண்ணு, அப்பா, கம்பிக்குள்ள அழுகுதே!’

வெளியே சித்தப்பா கத்தினார். “யாராவது அவ வாயப் பொத்துங்கடி!” ஒருத்தியும் அசையவில்லை. அப்பாவோடு கூடப்பிறந்த குமுஷ் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாடுடி. நெசத்தத்தானே பாடுற. எங்களுக்குத் தெரியாதா என்ன?” என்று சொல்லி அவளும் அழுதாள்.

அன்றைக்கே மாமியார் என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரரே பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். ஐசிரெக்கும் நானும் அத்தை வீட்டில் இருக்கிறோம். நன்றாகச் சாப்பிடுகிறோம், கவலைப்படாதே.

நீ கேட்டதற்குக் கோர்ட்டில் பதில் சொல்கிறேன்.

ஜிபார்

---

பெண்கள் சிறை,
30 நவம்பர் 2018

என் அக்காவுக்கு,

பன்னிரண்டு ஐந்தாகிவிட்டது. வக்கீல் சொன்னபோது இங்கே எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். மேற்பார்வைக்காரி மட்டும், “அஞ்சு வருஷமும் இந்தத் தையலையா பாக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக் கூண்டுக்குள்ளிருந்து உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. “உங்களையும் அடிச்சாரா?” என்று நீதிபதி கேட்டார். நீ தடுமாறவே இல்லை. என் அக்காவா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாங்கய்யா. அவரு குடிச்சிட்டு வந்தா நானே முதல்ல லாயத்துக்குப் போயி நின்னுக்குவேன். அங்க என்னை அடிச்சுக் கை ஓஞ்சாத்தான் வீட்டுல தங்கச்சிக்குக் கொஞ்சமா விழும்.”

எனக்கு விழுந்ததே தாங்க முடியாமல் இருந்தது, அக்கா. அது உன்னை அடித்து ஓய்ந்த கை என்று எனக்குத் தெரியாது.

உன் தங்கச்சி,
பெகிமாய்