மூன்றாவது சர்வர்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே வெயில். திருப்பதி ஆபீஸில் ஏசி அவுட். தக்காளி விலை ஏறியதால் பலமனேர் சந்தையில் ஏல டோக்கனுக்கு விவசாயிகளிடையே அடிதடி. தம்பி டில்லி அங்கே கவுன்ட்டரில். டோக்கன் ஆப் எங்கள் கம்பெனியுடையது. நான்கு சர்வர். வேலையைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் என் பொறுப்பு.

மானேஜர் சுதாகர்: "சும்மா சும்மா அலாரம் அடிச்சிக்கினே இருக்குது. ஏதோ ஒரு பதில் வந்தா சர்வர் உயிரோட இருக்குன்னு வச்சிக்கோம்மா." சரியான பதில்தானா என்று பார்க்கும் சோதனையை நீக்கச் சொல்கிறான். கத்தினேன். கடைசியில் நீக்கினேன்.

வாங்க: பால், ஊக்கு, தலைவலி மாத்திரை.

ஜூலை 9, புதன்
ஏலத்துக்கு முன்பே மூன்றாவது சர்வர் உள்ளுக்குள் செத்துவிட்டது. யார் கேட்டாலும் சட்டென்று 'டோக்கன் இல்லை'. இது சீக்கிரம் முடிக்கிறதே என்று லோட் பேலன்சர் எல்லாரையும் அதனிடமே தள்ளியது. மற்ற மூன்றும் சும்மா. சோதனையை நீக்கியது இதே விரல்.

டோக்கன் கிடைக்காத கூட்டம் கவுன்ட்டர்களைச் சூழ்ந்துவிட்டதாம். டில்லிக்குப் போன். "ஷட்டரை இழுத்துட்டு ஓடுடா!"

"மத்த கவுன்ட்டரெல்லாம் மூடிட்டாங்கக்கா. நானும் மூடுனா யாராண்ட கேப்பாங்க? பதில் சொல்லிக்கினு இருக்கேன்."

பின்னால் யாரோ தெலுங்கில், "கொட்டண்டிரா வாண்ணி!" அவனை அடிங்கடா என்று. கண்ணாடி நொறுங்கும் சத்தம். அலறல். தக்காளிப் பெட்டியாலேயே முகத்தில் அடித்திருக்கிறார்கள். விழுந்தவனை மிதித்திருக்கிறார்கள். பாவிகள். அந்தக் கையெல்லாம் முறிய.

ஜூலை 10, வியாழன்
சித்தூர் ஆஸ்பத்திரி. இடது கண் போய்விட்டது என்கிறார் டாக்டர். விலா எலும்பும் முறிவு.

"எல்லாருக்கும் டோக்கன் வந்துச்சாக்கா?"

வந்தது என்றேன். பாத்ரூம் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அடித்தவன் எவனாவது கிடைத்தால் கடித்துக் குதறுவேன். சாப்பிடவில்லை. அம்மா இட்லி வாங்கி வந்து வைத்தாள், வீண்.

ஜூலை 11, வெள்ளி
தூறல். ஆபீஸ். சுதாகர் அறிக்கையோடு தயார். கலவரத்துக்குக் காரணம்: கவுன்ட்டர் ஊழியர் நேரத்துக்கு மூடவில்லை. சர்வர் பற்றி ஒரு வரி இல்லை.

"கையெழுத்துப் போடும்மா. அவன் மூடியிருந்தா கண்ணு போயிருக்குமா?"

மேஜையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். எடுத்தது நினைவில்லை. அவன் பல் கீபோர்டில் விழுந்தது நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். அம்மா போனில், "பொம்பளப் புள்ள கைய நீட்டலாமாடி?" இன்னொன்று போடுவதற்குள் பிடித்துவிட்டார்கள். பல் போனால் கட்டிக்கொள்வான். அவனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது.