சுடாத சட்டி

தெரணியகலை
19 மே 2025

மதிப்புக்குரிய சுரேந்திரன் அண்ணனுக்கு,

தொலைபேசியில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. அதனால் உங்கள் மகள் கோகிலாவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜனவரியில் எஹலியகொடையிலிருந்து இந்தத் தோட்டப் பாடசாலைக்கு வந்த சித்திர ஆசிரியை நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சக்கரம் இல்லாமல் கையாலேயே சட்டி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி ஒட்டும் முறை. ஒருவனுடைய சட்டி சரிந்து உட்கார்ந்துவிட்டது. "டீச்சர், இது சட்டி இல்ல, தோசைக்கல்லு" என்று கோகிலா சொல்ல, வகுப்பே சிரித்தது.

அவளுடைய சட்டிதான் எல்லாவற்றிலும் நேர்த்தி. மண்ணும் அவள் காட்டியதுதான். தோட்டத்து மேல் டிவிஷனில், ஓடையோரத்து மேட்டில் எடுத்தோம். இத்தனை இழுபடும் களியை நான் பார்த்ததில்லை.

வரும் சனிக்கிழமை பாடசாலைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் சூளை மூட்டுகிறோம். அவள் பின்னேரம் வரை நிற்க அனுமதியும், முடிந்தால் ஒரு கட்டு ரப்பர் விறகும் தருவீர்களா?

அன்புடன்,
றஸ்மியா


மேல் டிவிஷன்
20.05.2025

டீச்சர் அவங்களுக்கு சுரேந்திரன் வணக்கத்தோட எழுதுறது.

விறகு தர முடியாதுங்க. கோவிச்சுக்காம முழுசாப் படிங்க.

அது சும்மா மேடு இல்ல. மூணு வருசத்துக்கு முந்தி மலை சரிஞ்சு எங்க லயத்து வீடுங்க எல்லாமே அதுக்குள்ள போயிருச்சு. மத்தவங்களை எடுத்தாங்க. ஆமிக்காரங்க பெக்கோ மெசின் வச்சுத் தோண்டியும் என் சம்சாரத்தை எடுக்க முடியல. இன்னமும் அந்த மண்ணுலதான் கிடக்கிறா. அந்த மேட்டையே அவ குழின்னு நெனச்சுப் பூ வச்சிட்டு வர்றேன்.

எங்க தோட்டத்துல புதைக்கிறதுதான் வழக்கம். எங்க அப்பன், பாட்டன் யாரையும் எரிச்சதில்ல. மண்ணுக்குள்ள கிடக்கிறவள எடுத்து நெருப்புல வைக்கிறீங்களே, இது நாயமா? எல்லாத்தையும் தண்ணியில கரைச்சு, அந்த மண்ண அங்கயே கொண்டாந்து போட்டுருங்க. ஸ்கூல் அதிபர் ஐயாகிட்ட சொல்லிப் பிரச்சினை பண்ண எனக்கு ஆசையில்ல. ஆனா சனிக்கிழமை நெருப்பு வச்சா, நானே வந்து அணைப்பேன்.

சுரேந்திரன்


தெரணியகலை
21 மே 2025

சுரேந்திரன் அண்ணனுக்கு,

சூளையை நிறுத்திவிட்டேன். கோகிலாவுக்குத் தாயார் இல்லை என்று தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்பது அத்துமீறல் என்று நினைத்திருந்தேன்.

எரிப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்கும் தெரியும். கொரோனா காலத்தில் இறந்த எங்கள் சாச்சியை, உம்மாவின் தங்கையை, அடக்கம் செய்ய விடவில்லை. எரிக்கச் சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்கள். சாச்சப்பா கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியும் எரித்தார்கள். அதனால் உங்களோடு வாதாட மாட்டேன்.

மற்றப் பிள்ளைகள் இன்று சட்டிகளை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். கோகிலா மட்டும் மறுத்தாள். அது எந்த மண் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் எடுத்தேன். ஒவ்வொரு மழைக்கும் அந்த மேடு கரைஞ்சு ஓடையில போகுது. சுட்டா கரையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பாடசாலை விட்டபோது அலுமாரியில் அவளுடைய சட்டியும் இல்லை. வீட்டு அடுப்பிலேயே சுடப்போவதாகப் பிள்ளைகளிடம் சொன்னாளாம். அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளை அடித்துவிடாதீர்கள்.

றஸ்மியா


22.05.2025

டீச்சர்,

கோகிலா இன்னிக்கு ஸ்கூலுக்கு வரல. இத பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட குடுத்துவிடுறேன்.

நேத்திலிருந்து வீட்டுல அடுப்பு மூட்டல. கடை ரொட்டிதான். அவ அதையும் தொடல. சட்டிய மடியில வச்சுக்கிட்டுக் கட்டில்லயே உட்காந்திருக்கா. "உங்கம்மாவ அடுப்புல வைக்கப் போறியாடி?"ன்னு கை ஓங்கிட்டேன். அடிக்கல.

அதுக்கு அவ கேக்குறா, "என்னைய ஒருநாளாவது அங்க கூட்டிட்டுப் போனீங்களா? நீங்க மட்டும் பூ வச்சிட்டு வர்றீங்க. எனக்குன்னு என்னா இருக்கு?"

நான் வெளிய போயிட்டேன்.

நீங்க சொன்னா கேப்பா. சட்டியக் குடுக்கச் சொல்லி எழுதுங்க. இல்லேன்னா பிடுங்கி உடைச்சிருவேன். என்னால ஆகல டீச்சர்.

சுரேந்திரன்


தெரணியகலை
23 மே 2025

சுரேந்திரன் அண்ணனுக்கு,

உறையை ஒட்டாமல் இதைத் தருகிறேன். கோகிலாவும் படிக்கட்டும்.

கொடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். மண்ணை எடுக்க வைத்தவள் நான். இப்போது பறிக்கும் வேலையையும் நானே செய்ய முடியாது. நீங்களும் பிடுங்காதீர்கள். காய்ந்த மண் கொஞ்சம் இழுத்தாலே நொறுங்கிவிடும்.

கோகிலா, அந்தச் சட்டியை நான் சுட மாட்டேன். கோபமென்றால் என்மேல் கோபப்படு, அப்பாமேல் வேண்டாம்.

அண்ணன், நாளை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். சட்டியோடு போங்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

றஸ்மியா


25.05.2025

டீச்சர் அவங்களுக்கு,

திங்கக்கிழமை கோகிலா ஸ்கூலுக்கு வருவா. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நானே எழுதிடுறேன்.

நேத்து பின்னேரம் போனோம். சட்டியத் துண்டுல சுத்தி அவதான் தூக்கிட்டு வந்தா. என்கிட்ட தரல. மேட்டுக்கு ஏறினதும், "அம்மா எந்தப் பக்கம்ப்பா?"ன்னு கேட்டா. எனக்கும் தெரியாது புள்ளன்னேன். அதச் சொல்ல வேண்டி வரும்னுதான் டீச்சர் இவ்வளவு நாளும் கூட்டிட்டுப் போகல.

அந்நேரம் மழை புடிச்சிருச்சு. அவ சட்டியத் தரையில வச்சிட்டு, பக்கத்துல குந்தி, குடைய அதுக்கு மேல புடிச்சுக்கிட்டா. அவ நனையிறா, நான் நனையிறேன், சட்டி மட்டும் காய்ஞ்சு கிடக்கு. நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"நீங்க போங்கப்பா, காய்ச்சல் வரும்."

"நீயும் வா, போவோம்."

"நீங்க போங்க."

போகல. கொஞ்ச நேரத்துல எனக்கு இருமல் வந்துச்சு. அடக்கிப் பார்த்தேன், முடியல.

அவ சட்டிய அங்கயே விட்டுட்டு எந்திரிச்சு வந்து, குடைய என் தலைக்கு மேல புடிச்சா.

கோகிலாவோட அப்பா,
சுரேந்திரன்