சிவப்புப் பொம்மையின் கழுத்து முடிச்சு

இஞ்சாருங்கோ,

இன்று காலை சிவலையை அவிழ்க்கப் போனேன். மாட்டுக் கட்டையில், அதன் கயிற்றுக்கு மேலே, சிவப்புக் கம்பளி நூல் துண்டுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஒன்றின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பொசுக்கென்று அவிழ்ந்து கையோடு வந்தது. அடுத்ததையும் இழுத்தேன். அதுவும் அப்படியே. உங்கள் முடிச்சு! இந்த வளவில் அதைப் போடத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றல்லவா நினைத்திருந்தேன். நீங்கள் போய் ஒரு மாரி கழிந்து அடுத்த மாரியும் வரப்போகிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டேன். சிவலை பசியில் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றது.

எந்த நூல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனடாவிலிருந்து என் சின்னம்மா அனுப்பிய கம்பளிச் சட்டைதான். கிளிநொச்சி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! “இதைப் போட்டுக்கொண்டு ஆர் வயலுக்கை இறங்கிறது, நானோ சிவலையோ?” என்று நீங்கள் கேட்க, பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டை அலுமாரியில் கிடந்தது. பிறகு ஒரு மாரியில், பள்ளிக்கூடமும் இல்லை, கரண்டும் இல்லை, ஜெனியும் துளசியும் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தபோது, நான்தான் அதன் கைப்பக்கத்திலிருந்து நூலை உருவத் தொடங்கினேன். “வாங்கோ, பொம்மை கட்டுவம்” என்றதும் இரண்டும் அடங்கிவிட்டன.

ஜெனியின் பள்ளிக்கூடக் கொப்பியைச் சுற்றி நூலைச் சுற்றினோம். கழற்றி உச்சியில் ஒரு கட்டு. கொஞ்சம் கீழே கழுத்துக்கு ஒரு கட்டு. இரண்டு பக்கமும் பிரித்தெடுத்தால் கைகள். இடுப்பைக் கட்டி, கீழே வெட்டிவிட்டால் பாவாடை. அவ்வளவுதான் வேலை. நீங்கள் வயலால் வந்து, சேற்றுக் காலோடு குசினி வாசலில் குந்தி, “எனக்கும் கொஞ்சம் நூல் தாங்கோ” என்றீர்கள். அந்தத் தடித்த விரல்களால் என்ன கட்டப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லவேணும், உங்கள் பொம்மைதான் வடிவாக வந்தது. துளசி அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அடுத்த நிமிடம் வீடு அதிர ஒரு கத்தல்.

“அப்பா, தலை போயிட்டுது!”

கழுத்தில் தொங்கிய நுனியை இழுத்திருக்கிறாள். தலையும் உடம்பும் ஒன்றாகிப் பொம்மை பொங்கிப்போய்க் கிடந்தது. நீங்கள் போட்டிருந்தது மாடு கட்டுகிற முடிச்சு. மாடு இழுக்க இழுக்க இறுகும், நுனியை ஆள் இழுத்தால் உடனே விட்டுவிடும். உங்கள் கைக்கு வேறு முடிச்சே தெரியாது. “உங்கட முடிச்சு அவிழ ஒரு தும்மல் காணும்” என்று சொல்லி, நான் என் பொம்மைக்கு வலை முடிச்சுப் போட்டுக் காட்டினேன். முல்லைத்தீவுக் கரையில் அப்பாவோடு இருந்து வலை பொத்திய கை இது, சும்மாவா? நீங்கள் பல்லாலும் கடித்துப் பார்த்தீர்கள். அசையவில்லை. “கடற்கரைக்காரியின்ர முடிச்சுக்குக் கத்திதான் மருந்து” என்றீர்கள். “கட்டேக்கையே அவிழ்க்கிறதையும் யோசிக்கோணும், இஞ்சாரும்.”

எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் முன்பொருமுறை இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்து வெள்ளம் எங்கள் வளவுக்குள் ஏறிய அன்று, முழங்கால் தண்ணீரில் நின்று நீங்கள் மாட்டையும் கன்றையும் ஒவ்வொரு இழுவையில் அவிழ்த்து மேட்டுக்கு விரட்டியதைப் பார்த்தவள் நான்.

துளசிக்கு என் முடிச்சு பிடிக்கவே இல்லை. அவிழாத பொம்மையில் என்ன விளையாட்டு? பின்னேரமானால் உங்கள் பொம்மையைக் கொண்டுவந்து, உங்கள் கண் முன்னாலேயே நுனியை இழுப்பாள். தலை கழன்றுவிடும். “திரும்ப!” என்பாள். நீங்கள் கட்டிக்கொடுப்பீர்கள். வயலில் எவ்வளவு களைத்து வந்தாலும் ஒருநாள்கூடச் சலித்ததில்லை. “பிள்ளைக்கு இதைப் பழக்காதேங்கோ, இது முடியிற விசயமில்லை” என்று நான் பேசுவேன். “முடியாட்டி என்ன, இருந்து கட்டுவம்” என்பீர்கள்.

இருக்கவில்லையே நீங்கள். நெஞ்சு நோகுது என்று கதிரையில் சாய்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டீர்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் நீங்கள் போட்ட முடிச்சோடு அந்தப் பொம்மை துளசியின் கையில் இருந்தது.

அதன்பிறகு அவள் அதை இழுக்கவில்லை. ஒருதரமும் இழுக்கவில்லை. நுனியைத் தலைக்குள் செருகி, பாயில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாள். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? நூல் தேயத் தேய முடிச்சு இளகிவந்தது. தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. “கொண்டா பிள்ளை, அம்மா இறுக்கிக் கட்டிவிடுறன்” என்று கையை நீட்டினேன். “தொடாதேங்கோ! அது அப்பா கட்டினது” என்று கத்திய கத்தலில் நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். உங்களுக்காக நான் அழுததைவிட அன்றுதான் அதிகம் அழுதேன். ஒருநாள் அது தானாக அவிழும், அன்றைக்கு இந்தப் பிள்ளையை எப்படித் தேற்றப் போகிறேன் என்ற பயம்தான் இத்தனை மாதமும் என்னோடு கிடந்தது. வயலைத் தனியே விதைத்தேன், அதற்குப் பயப்படவில்லை. ஒரு கம்பளி முடிச்சுக்குப் பயந்தேன்.

இன்று அவர்கள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் நூல் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். “ஆர் இதைக் கட்டினது?”

ஜெனி தலையைக் குனிந்தாள். “நான்தான் துளசிக்குச் சொல்லிக் குடுத்தனான். அப்பா எனக்கு மாடு கட்டப் பழக்கினவர். நீங்கள்தான் அதைக் கவனிக்கேல்லை. போன மழைக்குத் தண்ணி ஏற, ஊறி இறுகின உங்கட முடிச்சை அவிழ்க்க ஏலாமல் கயித்தையல்லோ வெட்டினீங்கள்?”

அதை ஏன் இப்போது இழுக்கிறாள் என்று எரிச்சல் வந்தது. கேட்டீர்களா, கடைசியில் கத்திதான் மருந்தாகிப் போனது. மேலே இருந்து சிரியுங்கோ.

துளசி பொம்மையை எடுத்து வந்தாள். “இனி அது தானா அவிழ்ந்து போயிடும், அம்மா. அதுக்கு முதல் நான் பழகிட்டன்” என்றாள். நான் ஒன்று சொல்வதற்குள் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

தலை பொங்கிக் கழன்றது. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் நூல் மெலிந்து, உங்கள் பிடி அப்படியே தெரிந்தது. அவள் அழவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, அதே இடத்தில் நூலைச் சுற்றினாள். முதல் தரம் பிழைத்தது. ஜெனி வாயைத் திறக்க, “நீங்கள் சொல்லாதேங்கோ அக்கா” என்று அதட்டினாள். இரண்டாம் தரம் சரியாக விழுந்தது. கழுத்து நிமிர்ந்து நின்றது.

“மேல அம்மாவின்ர முடிச்சு ஒண்டு போடட்டா, குஞ்சு? பிறகு ஒருநாளும் அவிழாது” என்றேன்.

“வேண்டாம். அவிழ்ந்தா நான் கட்டுவன்.”

நீங்கள் இருந்திருந்தால் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்வைகூட எனக்குத் தெரியும்.

பின்னேரம் சிவலையை நான் உங்கள் முடிச்சில் கட்டினேன். துளசி பக்கத்தில் நின்று, பிழை பிழை என்று என்னை இரண்டு தரம் அவிழ்க்க வைத்தாள். தோற்றுவிட்டேன் என்று நினைக்காதேங்கோ. நாளைக்கு இரண்டு பேருக்கும் வலை முடிச்சுப் பழக்கத்தான் போகிறேன். கம்பளி இன்னும் பாதிச் சட்டை மிச்சம் இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரம் அவள் பொம்மையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “அம்மா, இழுங்கோ” என்றாள். நுனியைத் தேடிப் பிடித்தேன். இழுத்தேன். தலை கழன்றது.

“திரும்ப!” என்றேன்.

கட்டினாள்.