மேற்குச் சரிவில் நான் காத்திருந்த பகல்

வக்குவா சந்தையில் இன்று ஒரு பெண் காட்டுக் கொய்யா விற்றுக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவுச் சிவப்புப் பழங்கள். மிளகாய் உப்புத் தூவித் தாளில் சுருட்டி நீட்டினாள். அந்த வாசம் ஏறியதும் வாங்காமல் நகர்ந்துவிட்டேன். நீ இறந்து நாற்பது நாளாகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், தமிழ் கற்பிக்கச் சேலத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்த எனக்குக் கிடைத்த முதல் நண்பன் நீ. பின்னலாடை ஆலையில் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். வீட்டில் உனக்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். கோயில் வகுப்பில் கற்ற தமிழை எனக்காகத் தேடித்தேடிப் பேசுவாய். ஞாயிறுதோறும் காட்டுக்குள் ஓடுவோம். வழியில் இதே கொய்யாவைப் பறித்து என் பையில் திணிப்பாய். “சாப்பிடு அண்ணே, மலை இன்னும் இருக்கு.”

அந்த ஆண்டு மேற்குக் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல் மலையோட்டம் அறிவித்தது. வக்குவாவில் தொடங்கி, மலைமுகடு ஏறி, மறுபுறம் கடல்வரை ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும். முதலில் வரும் உள்ளூர்க்காரருக்குப் பயணிகளை மலைக்கு அழைத்துப்போகும் வேலை. ஆலை இரைச்சலில் உன் இடது காது மந்தமாகிக்கொண்டிருந்தது. அந்த வேலை உனக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். நான் துணைக்குத்தான் வந்தேன்.

வக்குவாவில் வழக்கமான தூறல். முகடு தாண்டியதும் வேறு தேசம்: காய்ந்த புல், முள், கொதிக்கும் கரும்பாறை. கொடி நட்ட பாதையை விட்டு, மான் வேட்டைக்காரர்களின் குறுக்குவழியில் இறங்கினாய். கொடிப் பாதையை விட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று தயங்கினேன். “யாருக்கும் தெரியாது” என்றாய். பின்னால் வந்தேன். அது என் தவறுதான்.

அந்தச் சரிவில் கல் உருண்டது. என் கணுக்காலில் எலும்பு முறிந்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும்.

“கீழே பந்தயக் கூடாரத்தில் சொல்றேன். ஆள் வரும். பா பேர், அண்ணே.” பயப்படாதே என்பதைக் கிரியோலில் சொன்னாய். பிறகு, “என் தண்ணி முடிஞ்சுது” என்றாய்.

என் புட்டியைக் கொடுத்தேன். நீ வேகமாகப் போனால் ஆளும் வேகமாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

கீழே கடல் தெரிந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெயில் உச்சிக்கு வந்து மேற்கே சாயும்போதுதான் எனக்கு உறைத்தது: நான் கிடக்கும் இடத்தைச் சொன்னால், நீ வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு காத்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். விறகு வெட்ட வந்த இருவர் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முகட்டிலேயே நான் திரும்பிவிட்டதாகக் கூடாரத்தில் நீ சொல்லியிருந்தாய். நீதான் முதலில் வந்தாய்.

மூன்றாம் நாள் என் கட்டிலருகே வந்து நின்றாய். கட்டுப் போட்ட காலை நீ பார்க்கவேயில்லை.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லை.”

“மெர்சி, அண்ணே” என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்றே பாதி ஆறியிருக்கும். அடுத்த மாதம் குடும்பத்தோடு கடற்கரைக்குக் குடிபோனாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு கிரியோலில் சொன்னார்: “உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை. அன்றைக்கு நீங்கள் பாதியில் திரும்பாமல் இருந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்தே முடித்திருப்போம் என்பார்.”

இத்தனை வருடமும் உன் வீட்டில் நான் பாதியில் திரும்பியவனாகவே இருந்திருக்கிறேன். பக்கத்தில் உன் மகன், நீ பார்த்த அதே ஹோட்டல் வேலைக்கான சட்டையோடு, தலைகுனிந்து நின்றான்.

“ஆமாம்மா. எனக்கு மூச்சு வாங்கியது, திரும்பிவிட்டேன்” என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீ இருந்தவரை அந்தச் சரிவில் நடந்தது இரண்டு பேருக்குத் தெரியும். இப்போது எனக்கு மட்டும். மழைக்காலத்தில் வலது கால் இழுக்கிறது. யாராவது கேட்டால், படிக்கட்டில் விழுந்தேன் என்று சொல்கிறேன்.