நேராக நிற்கும் எழுத்து

1.9.2025, திங்கள்

எழுத்து கோணலாகத்தான் வரும். இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயதில் பழகிய கை. ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்! கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு போர்டாகப் படித்தேன். மங்கலம்பேட்டை என்று கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விட்டது.

மருமகன் ஸ்ரீதர் வாடகைக் கார் ஓட்டுகிறார். வழி காட்டும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்று வேண்டுமாம். போன் வெயிலில் சூடாகி அணைந்துவிடுகிறது. போன வாரம் காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளுக்குள் சிக்னலும் போய், கல்யாணத்துக்கு ஏற்றிய ஆட்களைத் தாலி கட்டி முடிந்த பிறகு கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். "என்னா பேச்சு பேசிட்டாங்க தெரியுமா மாமா!"

6.9.2025, சனி

கடைக்குப் போனோம். "இப்ப யாருங்க இதை வாங்குறாங்க? எல்லாம் போன்லயே வந்துடுச்சே," என்று கடைக்காரர் சிரித்தார். பிறகு உள்ளேயிருந்து மூன்று கொண்டுவந்தார். ஒன்று பெரிய திரை, விலை ஜாஸ்தி. ஒன்று மலிவு, ஆனால் இங்கிலீஷ் மட்டும். மூன்றாவது நடுத்தரம். சிக்னல் வேண்டாம், வழியெல்லாம் உள்ளேயே இருக்கிறது. எழுத்து தமிழில் வருகிறது. 'இடது பக்கம் திரும்பவும்.' நானே படித்தேன்!

கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். எழுத்தும் கூடவே திரும்பி நேராக நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி நேராக நின்றது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"வுட்டா சாயங்காலம் வரைக்கும் சுத்துவீங்க போலருக்கே மாமா," என்றார் ஸ்ரீதர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால்?

7.9.2025, ஞாயிறு

மகள் மோகனப்பிரியா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொட்டி நம்ம வூட்டுக்கு வேணாம். அண்ணன் போட்லேருந்து வுழுந்த அன்னைக்கு போட்ல இருந்த பொட்டி ரிப்பேர் ஆவாம இருந்தா எடத்தையாவது கண்டுபுடிச்சிருக்கலாம். இவுரையும் அதை நம்பி அனுப்பணுமா?"

ரிப்பேர் என்று சொன்னது நான். தலை குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

8.9.2025

பல் துலக்கும்போது "அப்பா" என்று கேட்டது. எட்டு வருஷமாகக் கேட்கிறது. இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

10.9.2025, புதன்

சொல்லிவிட்டேன்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். போட்டில் நானும் மகன் அஜயும் மட்டும். விடியும் நேரம், மழை. பெட்டி புதிது. அவன் முன்பே சொல்லிவைத்திருந்தான்: "யாருனா வுழுந்தா மேல எடது பக்க பட்டனை அழுத்துப்பா. எடம் பதிஞ்சிடும்." திரைக்கு மேலே இரண்டு பட்டன், கீழே இரண்டு. அலை அடித்ததில் அவனே விழுந்தான். பெட்டியை எடுத்து மேல் இடது பட்டனை அழுத்தினேன். திரை அணைந்துபோனது.

தலைகீழாகப் பிடித்திருந்தேன். கீழே இருக்க வேண்டிய அணைக்கும் பட்டன் மேலே வந்திருந்தது. படித்தவனுக்கு எழுத்து கவிழ்ந்து கிடப்பது தெரியும். எனக்கு எப்படிப் பிடித்தாலும் கோடுதானே? திரும்ப அது எரிவதற்குள் போட் எங்கேயோ நகர்ந்துவிட்டது. நாலு பக்கமும் ஒரே தண்ணீர். கரையில் ஒருவர் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பிடித்தபோதுதான் புரிந்தது. என்ன ஆச்சு என்றார்கள். ரிப்பேர் என்றேன். மறுநாள் கடலில் எறிந்துவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மோகனா.

"தெரியாமலே போய்ட்டாம்மா."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

11.9.2025

மோகனா சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

13.9.2025, சனி

ஸ்ரீதர் பெட்டியோடு வந்தார். அந்த நடுத்தரம்தான். "உங்க பொண்ணுதான் வாங்கியாரச் சொல்லுச்சு மாமா."

14.9.2025, ஞாயிறு

சிதம்பரத்தில் ஆள் ஏற்ற வேண்டியிருந்தது. மோகனா தானும் வருவதாகச் சொல்லி, என்னை முன் சீட்டில் உட்கார வைத்தாள். பெட்டி பேச ஆரம்பித்தது. பின்னாலிருந்து கையை நீட்டி அதன் சத்தத்தை அணைத்தாள்.

"ஏய், அது சொன்னாதானே நான் திரும்புவேன்?" என்றார் ஸ்ரீதர்.

"அப்பா படிக்கும்."

படித்தேன். நேராகச் செல்லவும். நானூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும். செம்மங்குப்பம் தாண்டும்போது ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஸ்ரீதர் வண்டியை மெதுவாக்கிக் காத்திருந்தார். மோகனா சத்தத்தைத் திரும்பப் போடவில்லை.

திரையின் இடது ஓரம் முழுக்க நீலம், கடல்.

"அங்க என்னாப்பா எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதலம்மா."

சிதம்பரம் வரும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் விருத்தாசலம் சவாரி. படிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். போய் வந்து எழுதுகிறேன்.